காப்பாற்றும் உரிமை எதுவரை?

நகைக்கடைக்குள் இருவர் நுழைகிறார்கள். கல்லாவில் இருக்கும் பெண்ணின் கழுத்தில் ஒருவன் அரிவாளை வைக்கிறான். நகை வாங்க வந்த ஒருவரிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருக்கிறது. கடை அவருடையதல்ல. அந்தப் பெண் அவருக்கு உறவும் அல்ல. அவர் குறுக்கிடலாமா? சுட்டுவிட்டால் சட்டம் அவரைக் காக்குமா, கூண்டில் ஏற்றுமா?

குற்ற வழக்குகளில் வாதாடியே தலை நரைத்தவன் நான். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப்பேர், "நமக்கெதற்கு வம்பு, கை வைத்தால் நாம்தான் உள்ளே போகணும்" என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருப்பார்கள். மறுபாதி, "திருடன்தானே, அடித்தே கொன்றாலும் தப்பில்லை" என்பார்கள். இரண்டுமே தவறு. முதல் எண்ணம் கண்ணெதிரே ஓர் உயிரைப் போக விடுகிறது. இரண்டாவது எண்ணம் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளைக் கொலை வழக்கில் நிறுத்துகிறது. இந்த வயதில் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஆபத்தைத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தண்டனை கொடுக்க இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை, கையில் ஆயுதம் வரும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் உரிமையைச் சொல்கிறேன். 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றிப் பேசின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக இருக்கின்றன. எண்கள் மாறினாலும் சாரம் மாறவில்லை. தற்காப்பு என்றால் தன்னைக் காத்துக்கொள்வது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 35-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. உங்கள் உடலை மட்டுமல்ல, வேறு எவருடைய உடலையும் காக்கலாம். உங்கள் சொத்தை மட்டுமல்ல, முன்பின் தெரியாதவரின் சொத்தையும் திருட்டு, கொள்ளை போன்றவற்றிலிருந்து காக்கலாம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் காப்பாற்றுகிறவராக மாற, சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

கொள்ளை விஷயத்தில் இந்த உரிமை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தவிர்க்க முடியாத நிலையில் கொள்ளையனின் உயிர் போனாலும் அது குற்றமாகாது என்கிறது 41-வது பிரிவு. ஆனால் சாதாரணத் திருட்டுக்கு அந்த இடம் இல்லை. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால்தான் அங்கே அந்த எல்லை வரை போகலாம். கூட்டத்தில் பர்ஸை உருவியவனைப் பிடிக்கலாம், மடக்கலாம், திமிறினால் அடக்கலாம். சுட முடியாது. பறித்த சங்கிலியோடு பைக்கில் பறப்பவனின் முதுகைக் குறிபார்த்தால், அங்கே தற்காப்பு என்ற பேச்சு நிற்காது.

இனி எல்லைக்கு வருகிறேன். 37-வது பிரிவு இரண்டு கட்டுப்பாடுகளை வைக்கிறது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. நேரம் இல்லாதபோதும், காப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது. நாளை இரவு கொள்ளையர்கள் வருவார்கள் என்று இன்றே தெரிந்தவர், போலீசுக்குச் சொல்லாமல் துப்பாக்கியோடு பதுங்கியிருந்துவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

43-வது பிரிவு நேர எல்லையைச் சொல்கிறது. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் பிறக்கும்போது உரிமை பிறக்கிறது. கொள்ளையன் கொல்லவோ, காயப்படுத்தவோ, வழிமறித்துத் தடுக்கவோ முயலும் வரை, அல்லது அதைப் பற்றிய உடனடி அச்சம் நீடிக்கும் வரை அந்த உரிமை இருக்கிறது. அச்சம் முடிந்தால் உரிமையும் முடிகிறது. கழுத்தில் அரிவாள் இருந்தவரை நியாயமாக இருந்த அதே செயல், அரிவாள் கீழே விழுந்து அவன் கையைத் தூக்கிய பின் குற்றமாகிறது. இடையில் சில நொடிகள்தான்.

இத்தகைய வழக்குகளில் நீதிமன்றத்தில் நடக்கும் வாதம் பெரும்பாலும் முதல் அடியைப் பற்றியதல்ல, கடைசி அடியைப் பற்றியது. காயம் மார்பிலா, முதுகிலா? எத்தனை காயம்? விழுந்த பிறகு பட்டதா? பிரேதப் பரிசோதனை அறிக்கை இவற்றை எல்லாம் சொல்லிவிடும். முதல் அடி அடித்தபோது காப்பாற்றுகிறவராக இருந்தவர், பத்தாவது அடியில் குற்றவாளியாகிவிடுகிறார்.

அதற்காக, பதற்றத்தில் இருப்பவரிடம் நீதிமன்றம் தராசைப் பிடித்துக்கொண்டு கணக்குக் கேட்பதில்லை. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற 2010-ம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. நிலத் தகராறில் தந்தை தாக்கப்பட்டபோது உரிமத் துப்பாக்கியால் சுட்ட மகனை அது விடுதலை செய்தது. தாக்குதலின் நடுவே இருப்பவர் தன் பலத்தை அளந்து அளந்து பயன்படுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது என்றும், நியாயமான அச்சமே போதும் என்றும், ஆபத்தைக் கண்டு கோழையாக ஒதுங்கும்படி சட்டம் எவரையும் கேட்கவில்லை என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் இல்லை. நடந்திருக்கக் கூடியது அதுதான் என்று நீதிமன்றம் ஏற்றாலே போதும்.

இந்தக் கோட்டின் இரு பக்கங்களையும் இரண்டு நிகழ்வுகள் காட்டும். 2019 ஆகஸ்டில் கடையம் அருகே, அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர் இருவரை ஒரு முதிய தம்பதி பிளாஸ்டிக் நாற்காலியாலும் செருப்பாலும் விரட்டினார்கள். அந்தச் சுதந்திர தினத்திலேயே தமிழக அரசு அவர்களுக்கு வீரதீரச் செயலுக்கான விருது கொடுத்தது. கொள்ளையர் ஓடினார்கள், சண்டை அத்தோடு முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில் நடந்தது வேறு. உணவுப் பொருள் திருடினார் என்று சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, கைகளைக் கட்டி அடித்தார்கள். அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்களில் 13 பேருக்கு 7 ஆண்டு சிறை. கட்டப்பட்ட கைகளால் யாருக்கு என்ன ஆபத்து? அங்கே காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை. கோபம் மட்டுமே இருந்தது. மெலிந்த ஒரு மனிதரின் உயிர் அதற்குப் பலியானது.

துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இன்னும் சில வார்த்தைகள். நம் ஊரில் அது பெரும்பாலும் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய விவசாயியிடமும், வங்கி வாசலில் நிற்கும் முன்னாள் ராணுவத்தினரிடமும் இருக்கிறது. உரிமம் என்பது வைத்துக்கொள்ள அனுமதி, சுடுவதற்கான அனுமதி அல்ல. சுட்டதற்கான நியாயத்தை மேலே சொன்ன பிரிவுகளில்தான் தேட வேண்டும். உரிமம் இல்லாத துப்பாக்கி என்றால், தற்காப்பு ஏற்கப்பட்டாலும் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்ட வழக்கு தனியாக நிற்கும். கூட்டம் நிறைந்த கடையில் ஒரு குண்டு எங்கே போய் நிற்கும் என்று சுடுகிறவருக்கே தெரியாது. உயிருக்கே ஆபத்தான தாக்குதலில், வேறு வழியே இல்லாமல் அப்பாவி ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் 44-வது பிரிவு காக்கும். கல்லாப் பணத்தைக் காக்கக் கண்மூடிச் சுட்டவருக்கு அது உதவாது. பணம் திரும்ப வரும், காப்பீடு வரும். குறி தவறிய குண்டுக்குப் பலியான குழந்தை வராது.

குறுக்கே பாய்வது உங்கள் விருப்பம். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கொள்ளையைப் பற்றித் தகவல் சொல்வது கடமை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-வது பிரிவு அதைச் சொல்கிறது. 112-க்கு ஒரு அழைப்பு, வண்டி எண், போன திசை, முகத்தின் அடையாளம் ஆகியவையே பல வழக்குகளுக்கு உயிர். உங்கள் கண்முன் கொள்ளையடித்தவனைப் பிடிக்கவும் அதே சட்டத்தின் 40-வது பிரிவு அனுமதிக்கிறது. பிடித்தால் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அவன் உடம்பில் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுதம் பயன்படுத்தியிருந்தால் ஓடி ஒளியாதீர்கள். நீங்களே ஸ்டேஷனுக்குச் சொல்லி, ஆயுதத்தை ஒப்படைத்து, நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். ஒளிந்தவரின் உண்மையைக்கூட உலகம் சந்தேகத்தோடுதான் கேட்கும்.

துணிவைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அத்தோடு நிறுத்துவதையும் கற்றுக்கொடுங்கள். ஒருவர் கழுத்தில் அரிவாள் இருக்கும்போது முன்னால் போகும் மனமும், அது விழுந்தவுடன் கையை இறக்கும் மனமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது மனம் சண்டையின் நடுவே திடீரென்று வந்துவிடாது. வீட்டிலும் தெருவிலும் அன்றாடம் கோபத்தை அடக்கிப் பழகியவருக்கே அந்த நேரத்தில் அது கைகொடுக்கும்.