கடல் கடந்த மடல்: பட்டை எண்ணியவர்

இலண்டன்.

முப்பத்தொரு வருஷ காலம் இந்த நாட்டில் நான் பார்த்த உத்தியோகம் இன்னதென்று ஊரவர்க்கு ஒரு வசனத்தில் விளங்கவைக்க, ஓய்வு பெற்ற பின்னும் என்னால் இயலவில்லை. ‘கெயார் ஹோமில் வேலை’ என்றால் கிழவர்களைக் குளிப்பாட்டினேன் என்று கொள்கிறார்கள், ‘மனேச்சர்’ என்றால் சம்பளத்தைக் கேட்கிறார்கள், ஓட்டிசம் உள்ள வளர்ந்த ஆண்களும் பெண்களும் தத்தம் வீட்டில் தத்தம் விருப்பப்படி சீவிப்பதற்கு வேண்டிய ஆட்களையும் பணத்தையும் ஒழுங்கு செய்து கொடுப்பதே என் தொழில் என்று விஸ்தாரமாகச் சொன்னாலோ, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் கரம்பொன்னில் இருக்கும் என் மாமி சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டது போலக் கேட்கிறார்கள்: “அது சின்னப் பிள்ளையளுக்கு வாற வருத்தமெல்லோ மோனை, வளர வளர மாறிப் போகாதே?”

மாமியைக் குறை சொல்லுதற்கில்லை. 1943இல் லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகளைப் பற்றித் தம் பிரசித்தமான கட்டுரையை எழுதிய நாள் தொட்டு, அக்குழந்தைகளுக்கு நாற்பது வயதும் அறுபது வயதும் வரும் என்ற சாதாரண சங்கதியைப் படித்தவர்களே வெகுகாலம் மறந்திருந்தார்கள். இங்கிலாந்தில் பெற்றோர் சிலர் கூடி 1962இல் ஒரு சங்கம் கண்டார்கள். இன்று நாஷனல் ஒட்டிஸ்டிக் சொசைட்டி என வழங்குவது அதுவே. தம் வீட்டு நிலவறையில் சில குழந்தைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த சிபில் எல்கர் என்னும் ஆசிரியையைத் தலைமையாகக் கொண்டு அச்சங்கம் 1965இல் இலண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தை நிறுவியது. மாணாக்கர் வளர்ந்து மீசை அரும்பிய பிராயத்தில், இனி இவர்கள் போவதெங்கே என்ற கேள்வி எழுந்தபோது, அந்த அம்மையார் அவர்களைக் கைவிடாமல் 1974இல் சமர்செட் பிரதேசத்துக் கிராமமொன்றுக்கு அழைத்துச் சென்று, வளர்ந்தவர்களுக்கான முதல் வாசஸ்தலத்தை அங்கே அமைத்தார். அரசாங்கம் கண் விழிக்க மேலும் முப்பத்தைந்து ஆண்டு சென்றது: 2009ஆம் ஆண்டின் ஓட்டிசச் சட்டமே வளர்ந்தவர்களைக் கருதி இங்கே இயற்றப்பட்ட முதற் சட்டம்.

தமிழில் இதனை ‘மதியிறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. நான் பழகியவர்களில் மதி இறுகியவர் எவரையும் காணேன். காது கூர்மையாகவும் தோல் மெல்லியதாகவும் அமையப்பெற்று, உலகத்தின் சந்தடி முழுவதையும் வடிகட்டாமல் வாங்கிக்கொள்பவர்களே அநேகர். வேறு நல்ல சொல் கிடைக்கும் வரையில் ஊர் வழக்கான ஓட்டிசமே போதும்.

என் தொழிலின் ஜீவநாடி ‘ரோட்டா’ என்று இவர்கள் சொல்லும் முறைப்பட்டியலில் இருந்தது. இன்னின்ன கிழமையில் இன்னின்ன வீட்டில் காலை ஏழு மணிக்கு வருபவர் யார், இரவு அங்கேயே படுப்பவர் யார், ஒருவர் சுகமில்லையென்று அறிவித்தால் பதிலாள் யார் என்று கட்டங்கட்டமாகப் பெயர்களை நிரப்பும் அந்தக் கடதாசியை, நான் முகாமையாளனாக உயர்ந்த காலத்தில், கணக்குப் பிள்ளையின் மனநிலையோடு சரிப்படுத்திப் பெருமைப்பட்டதுண்டு. அந்தப் பெருமை எப்படி ஒழிந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பராமரிப்பில் இருந்த ஒருவர்க்கு அப்போது நாற்பது வயது கடந்திருந்தது, பேச்சுக் கிடையாது. கடைகளிலிருந்து வரும் விளம்பரத் தாள்களை எட்டாக மடித்து, விளிம்போடு விளிம்பு பொருந்த அடுக்கி வைப்பார். அந்த அடுக்கு சரியாமல் இருக்குமட்டும் வீடு சாந்தமாக இருக்கும். பதினொரு வருஷமாக அந்த வீட்டில் இராக்காவல் இருந்த கானா நாட்டுப் பெண்மணியை, மற்றொரு வீட்டில் ஆள் பற்றாமையால், ஒரு திங்கட்கிழமை நான் இடம் மாற்றினேன். ரோட்டாவில் பார்த்தால் ஒரு பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதியதுதான். மூன்று வாரத்தில், தாள் மடிப்பவர் தம் தாடையில் தாமே குத்தத் தொடங்கினார், ஒரு ஜன்னற் கண்ணாடி உடைந்தது, புதிதாக வந்த இளைஞர்கள் பயந்தார்கள், வைத்தியர் ஒருவர் வந்து, ஐந்து நிமிஷம் நின்று, நடத்தைக் கோளாறு என்று அடக்கும் மாத்திரை எழுதினார், நானும் கையொப்பமிட்டேன். அதன் பின் ஆறு வாரம் அவர் கதிரையில் தூங்கி வழிந்தார். தாள்கள் மடிக்கப்படாமல் கிடந்தன.

விட்டுச் சென்ற தம் சமையற் சட்டியை எடுத்துப் போக ஒரு நாள் அந்தப் பெண்மணி வந்தார். வாசலில் நின்றபடியே அவரைப் பார்த்தவர், “வீட்டுக்குள்ளே ஏன் தொப்பி போட்டிருக்கிறார்?” என்று கேட்டார். மாரிகாலத்துக் கம்பளித் தொப்பி காது மூட இழுத்து விடப்பட்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தேயிருந்தோம், ஒருவரும் காணவில்லை. “இவர் வீட்டில் தொப்பி போட்டால் தலையிலோ காதிலோ பல்லிலோ வலி. பல்லைப் பார்ப்பியுங்கள்” என்று சொல்லிவிட்டு அவர் சட்டியோடு போய்விட்டார். பல் வைத்தியர் சீழ் வைத்த இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை தாள்கள் மேசைமீது அடுக்கடுக்காக இருந்தன.

அந்த அறிவு எந்தக் கோப்பிலும் இருந்ததில்லை. ஒரு மனுஷியின் கண்ணில் மாத்திரம் இருந்தது. அதை அந்த வீட்டிலிருந்து பிடுங்கியது என் பேனா.

இது என் வீட்டில் மாத்திரம் நடந்த விபத்தன்று. தக்க காரணமின்றி இத்தகைய மாத்திரைகளை உட்கொள்பவர்கள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள வளர்ந்தவர்களுள் மாத்திரம் முப்பதாயிரம் முதல் முப்பத்தையாயிரம் பேர் வரை இங்கிலாந்தில் உண்டென்று அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறையே 2015இல் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டில் அதைக் குறைப்பதற்கென ஓர் இயக்கத்தைத் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அதே 2016இல் பிரிஸ்டல் நகரில் ஒலிவர் மெக்கோவன் என்ற பதினெட்டு வயது இளைஞர், தமக்கு ஒவ்வாதென்று தாமும் பெற்றோரும் சொல்லியும் கொடுக்கப்பட்ட அத்தகைய மருந்தொன்றின் பின் இறந்தார். சொன்னதைக் கேளாமையே அங்கு நோய். இன்று இந்நாட்டின் சுகாதார, பராமரிப்பு ஊழியர்களுக்கு நடக்கும் கட்டாயப் பயிற்சிக்கு அந்தப் பிள்ளையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பல் விவகாரத்துக்குப் பிறகு புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தலைப்பட்டேன். கானர் வர்ணித்த பதினொருவரில் முதலாமவர் டொனால்ட் ட்ரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொரஸ்ட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்தவர். பெற்றோர் அவரை ஒன்பது வயதளவில் அயற்கிராமத்து விவசாயத் தம்பதியரிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் குடியானவர் வைத்திய சாஸ்திரம் அறியாதவர். ஆனால் பையன் ஓயாமல் அளந்துகொண்டிருப்பதைக் கண்டு, தோட்டத்தில் ஒரு கிணறு வெட்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து சொல்லும்படி ஏவினார். சோளத்தின் வரிசைகளை அவன் திரும்பத் திரும்ப எண்ணியபோது, கலப்பையைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் செய்தார். 1945இல் நேரிற் சென்று பார்த்த கானர் வியந்துபோனார். பிற்காலத்தில் டொனால்ட் கல்லூரிப் படிப்பை முடித்து, ஊர் வங்கியில் வேலை பார்த்து, இருபத்தேழாம் வயதில் கார் ஓட்டப் பழகி, தேசாந்தரங்கள் பல தனியே சுற்றி, 2023இல் எண்பத்தொன்பது வயதில் காலமானார். வங்கி தாயாரின் குடும்பத்தாரது. பணமிருந்தது என்பதை மறைக்கலாகாது. எனினும் பணத்தை மாத்திரம் சொல்வதும் நியாயமன்று. அவரைப் பற்றி எழுத 2010ஐ ஒட்டி ஃபொரஸ்டுக்குச் சென்ற நிருபர்களை, அவர் மனம் நோக எழுதினால் தேடி வந்து பிடிப்போம் என்று ஊரவர்கள் எச்சரித்தார்களாம். முதற் பதினொருவரின் கதியைக் கானர் 1971இல் திரும்ப ஆராய்ந்தபோது, பெரிய அரசாங்க ஆசுப்பத்திரிகளில் அடைக்கப்பட்டவர்களே மிகவும் தேய்ந்துபோயிருக்கக் கண்டார்.

கிணறும் சோளமும் வந்த பக்கத்தில் என் வாசிப்பு நின்றுவிட்டது. மிசிசிப்பி மறைந்து, கரம்பொன் கண்முன் வந்தது.

வெளியூரார்க்குக் கரம்பொன் என்றால் தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்த ஊர் என்று சொன்னாற்றான் அடையாளம் தெரியும். ஊரிலோ எங்களுக்குத் தோட்டமும் கிணறுமே பெருமை. தீவுப்பகுதிக் கிணறுகளின் இரகசியம் தெரியாதவர்க்கு ஒரு வார்த்தை: மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கடலின் உவர் நீர்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது, அளவு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும், புகையிலைக் கன்று கருகிவிடும். ஆகவே துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், எத்தனை பட்டை என்பது வாழ்வும் தாழ்வும் பற்றிய கணக்காயிருந்தது.

எங்கள் ஒழுங்கையில் அந்தக் கணக்கை வைத்திருந்தவர், தமையனாரோடு வாழ்ந்த ஒருவர். நான் சிறுவனாயிருந்தபோது அவர்க்கு முப்பது வயதிருக்கும். குதி நிலத்திற் படாமல் நடப்பார். முகம் பார்க்க மாட்டார். பேச்செல்லாம் எண்ணாகவே இருக்கும். கிணற்றுக்கட்டின் தென்கிழக்கு மூலையில் நின்று, பட்டை கவிழும் ஓசைக்கு ஓர் எண்ணாக உரத்துச் சொல்வார். துலா மிதிப்பவனுக்குத் தாளமும் அதுவே, நிறுத்தும் எல்லையும் அதுவே. மண்ணெண்ணெயில் ஓடும் ‘வோட்டர் பம்’ வந்தபோது அந்த வேலை போயிற்று. தமையனார் இரண்டு நாள் யோசித்து, மெசின் ஓட ஓட நிரம்பும் பாத்திகளை எண்ணச் சொன்னார். மெசினின் இரைச்சல் தாங்காமல் காதிரண்டையும் பொத்திக்கொண்டு, தோட்டத்தின் மறுகோடியில் நின்று அவர் எண்ணினார்.

கடைக்காரர் அவருக்கு மிச்சக் காசைத் தாளாகக் கொடுக்கமாட்டார், குற்றியாகவே கொடுப்பார். தாளை அவர் வீசிவிடுவார் என்று தெரியும். முருகமூர்த்தி கோயில் திருவிழாவில் வெடி கொளுத்துமுன் யாராவது ஒருவர் அவரைப் பனங்கூடலுக்கு அழைத்துச் செல்வார். யார் என்பது ஒழுங்கு செய்யப்பட்டதில்லை, ஆனால் ஒரு வருஷமும் தவறியதில்லை. ஒருவரும் எழுதாத ரோட்டா அது. கிராமம் என்றாலே கருணை என்று எழுதும் வழக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை. சிறுவர்களாகிய நாங்கள் அவரை ‘விசரன்’ என்று கூவியதுண்டு, என் குரலும் அதிற் சேர்ந்திருந்தது. வேறொரு வீட்டின் பின்கொட்டிலில் ஒரு பெண்ணின் காலில் சங்கிலியையும் கண்டிருக்கிறேன். ஆயினும் பட்டை எண்ணியவரை அறிந்திருந்த கண்கள் அந்த ஒழுங்கையில் நாற்பதுக்குக் குறையா.

1990இல் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது அந்த நாற்பது கண்களும் நாற்பது திசையாய்ச் சிதறின. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் அகதியாக இருந்த காலத்தில், பட்டை எண்ணியவர் விடியப்புறம் எழுந்து, தீவுக்குப் போகும் பண்ணைப் பாதைப் பக்கமாக நடப்பாராம்; பாதை அடைபட்டிருந்தது; பிடித்துக் கூட்டி வருவார்களாம். தமையனாரும் அங்கே காலமானபின், அவர் எதற்குக் காதைப் பொத்துகிறார், எதை எண்ணுகிறார் என்று சொல்ல ஆளில்லை. 1995இன் பெரிய இடப்பெயர்வுக்கு முன்னமே முடிந்துபோனார். “கடைசிக் கிழமை முழுக்க இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தவர், என்ன வருத்தமெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை” என்று மாமிதான் சொன்னார்.

கோண்டாவிலில் 2004 முதல் சிவபூமிப் பாடசாலை இருப்பதைப் போலப் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் வடக்கில் தோன்றியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தீவுப்பகுதியில் இன்று பாதி வீடுகள் பூட்டிக் கிடக்க, எழுபது வயதுத் தாய் ஒருத்தி நாற்பது வயது மகனோடு தனித்திருக்கும் வீடுகளை, சென்ற முறை வந்தபோது நானே கண்டேன். அந்தத் தாயின் மனத்தில் இருப்பதுதான் அவனுடைய கோப்பு முழுவதும். இலண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் உள்ள எம்மவர் வீடுகளில், உறவினர்க்கு மறைத்து மேல்மாடி அறையில் வளரும் மகனுக்கும் மகளுக்கும் நிலைமை இதுவே. கவுன்சில் நாளை ஆள் அனுப்பும், வருபவர்க்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது.

ஆதலால் தாய்மார்க்கும் தமையன் தமக்கையர்க்கும் ஒரு விண்ணப்பம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். வைத்தியப் பெயர்கள் வேண்டாம். அவை வேறிடத்தில் இருக்கும். சோற்றில் குழம்பு படலாமா, எந்தச் சத்தத்துக்கு ஓடுவார், எதை எண்ணுவார், எந்தச் சொல்லுக்கு எழுந்து வருவார் என்று உங்களுக்கு மாத்திரம் தெரிந்ததை உங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதி, அயலில் ஒருவர்க்குக் காட்டி வையுங்கள். முதற் பக்கத்தில், வலி வந்தால் அவர் என்ன செய்வார் என்பதை எழுதுங்கள்.