தெருவைப் பார்த்த சுவர்

மார்கழி 5, சனி

தை பிறந்ததும் சின்னவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து தம்பி போன் செய்தான். "எலிவேஷனை மட்டும் மாத்திடுண்ணே, வீடே புதுசாயிடும்." தொடர்ந்து வாட்ஸ்அப்பில் படங்கள். சாம்பல் நிற ஏசிபி ஷீட் போர்த்திய முகப்பு, ஸ்டீல் கேட், கல் மாதிரியே தெரியும் டைல்ஸ். எந்தப் படம் எந்த ஊர் வீடு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாயவரத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டுக்கு இரு பக்கமும் திண்ணை, நான்கு மரத்தூண், சந்துப் பக்கம் நீளமாக ஒரு சுவர். இதன்மேல் ஷீட்டைப் போர்த்தினால் எலிகளுக்குத்தான் வசதி.

மார்கழியில் வேலை தொடங்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "கடைக்கால் தோண்டத்தான் கூடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற மாசத்துல கேக்குற கேள்வியா இது?" என்றாள்.

மார்கழி 9, புதன்

கொத்தனார் வந்தார். நான் நீட்டிய கலர் கார்டை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். இடுப்பு உயரம் வரை பொக்கையான சத்தம். "பெயிண்ட மாத்தி மாத்தி அடிச்சு என்ன பிரயோஜனங்க ஐயா? ஈரம் உள்ள உக்காந்திருக்கு."

அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன். இது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர். கடைக்காலுக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு எதுவும் அப்போது போடவில்லை. மண்ணின் ஓதம் செங்கல் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை அங்கங்கேயே காற்றில் விட்டுவிடும். அப்பா காலத்தில் அடிச்சுவருக்கு சிமென்ட் பூசினார்கள். அதன்மேல் எமல்ஷன் ஏறியது. வெளியேற வழியில்லாத ஓதம் இன்னும் மேலே போய், கூடவே உப்பையும் கொண்டுபோய், பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. உரிந்ததும் பட்டி பார்த்து மறுபடி அடிக்கிறோம். பெயிண்ட் கடைக்காரருக்கு எங்களைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

மார்கழி 10, வியாழன்

சிமென்டைக் கொத்தி எடுக்க ஆள் விட்டாயிற்று. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. சின்ன வயதில் திண்ணைக்கு ஏற நான்கு படி. இப்போது வெளியே தெரிவது ஒன்றரை. மீதி எல்லாம் தாருக்கு அடியில். போடுகிற ஒவ்வொரு ரோடும் பழையதன் மேலேயே விழுந்ததில் தெரு ஏறிக்கொண்டே போனது, வீடு பள்ளமானது. 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேலடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. எங்கள் படிகள் அதற்கு வெகு முன்பே புதைந்துவிட்டன.

தெரு இனி இறங்கப்போவதில்லை. சுவரை ஒட்டியிருந்த பேவர் பிளாக்கை ஒரு முழ அகலத்துக்குப் பெயர்த்து ஜல்லி போட்டார்கள். மீதி வாசலுக்கு வீட்டிலிருந்து தெருப்பக்கம் வாட்டம். நடுவில் கோலத்துக்கு ஒரு பாய் அளவு மண் தரை வேண்டும் என்று மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். பேவர் பிளாக்கில் சாணி தெளித்தால் இடுக்கில்தான் நிற்கிறது. இழைக் கோலமோ கட்டம் கட்டமாக உடைகிறது. பூசணிப்பூ வைக்கவும் ஒரு இடம் வேண்டாமா என்பது அவள் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மார்கழி 13, ஞாயிறு

கடையில் சுண்ணாம்பு கேட்டால், வெற்றிலைக்கா என்பதுபோல் பார்க்கிறார்கள். கொத்தனாரே கிளிஞ்சல் சுண்ணாம்பு வரவழைத்துவிட்டார். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொட்டித் தண்ணீரில் கொட்டினார். தொட்டி கொதித்தது. கண்ணில் தெறித்தால் ஆபத்து என்று பெண்களைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். நாலைந்து நாள் ஊற வேண்டும். பிறகு பழைய வேட்டியில் வடிகட்டி, சாதக் கஞ்சி கொஞ்சம், சொட்டு நீலம் கொஞ்சம். கஞ்சி பிடிப்புக்கு, நீலம் மஞ்சள் தட்டாமல் இருப்பதற்கு.

மார்கழி 19, சனி

எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால் பழைய பெயிண்டைச் சுரண்டுவதிலேயே கூலியில் பாதி போய்விட்டது. பிறகு சுவரை நனைத்து முதல் பூச்சு. அடித்த மாதிரியே தெரியவில்லை. "இதுக்காப்பா இவ்வளவு?" என்றாள் சின்னவள், முகம் சுண்டிப்போய். சாயங்காலம் காயக் காய வெள்ளை மேலே வந்தது. பூச்சு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. அதனால்தான் கெட்டியாக ஒரே பூச்சு அடிக்காமல் மெல்லிசாக மூன்று அடிக்கிறார்கள். மூன்றாவது பூச்சுக்குப் பிறகு சுவரில் மேடும் பள்ளமும் அப்படியே தெரிகின்றன. எனக்கு அது பிடித்திருக்கிறது. பட்டி பார்த்து வழவழவென்று இழைத்த சுவரில் வெயில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மார்கழி 22, செவ்வாய்

கிராதிச் சண்டை. திருட்டுப் பயத்தில் அப்பா திண்ணைகளுக்குக் கூரைவரை இரும்புக் கிராதி போட்டிருந்தார். அதை எடுத்துவிட்டால்தான் தூண்கள் தெருவுக்குத் தெரியும், வருகிறவர்கள் உட்காரவும் முடியும் என்பது என் வாதம். "உட்காருவாங்க. ராத்திரி குடிச்சிட்டு வந்து படுக்கவும் படுப்பாங்க. காலைல யாரு கழுவுறது?" என்றாள் மனைவி. கழுவுகிறவள் அவள் என்பதால் என் வாதத்துக்கு வலு குறைந்தது. கடைசியில் வலப்பக்கத் திண்ணையில் மட்டும் கிராதி போனது. இடப்பக்கம் ஸ்கூட்டரும் சிலிண்டரும் அதற்குள்ளேயே இருக்கட்டும். பார்வைக்கு ஒரு கண் திறந்து ஒரு கண் மூடின மாதிரிதான் இருக்கிறது. இருந்தாலும் பேப்பர் போடும் பையன் இன்று திறந்த பக்கத்தில் உட்கார்ந்துதான் செருப்பு வாரை மாட்டினான்.

மார்கழி 27, ஞாயிறு

கதவைத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசியாயிற்று. திண்ணைக்கு ரெட் ஆக்சைடு. வாசல் டியூப்லைட்டுக்குப் பதில் மஞ்சள் வெளிச்சம் தரும் ஒற்றை எல்இடி. இரண்டு நந்தியாவட்டைச் செடி, பூவை விடியற்காலை வாக்கிங் போகிறவர்கள் கேரி பேக்கில் பறித்துப் போவார்கள் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறோம். படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "சூப்பர்ண்ணே. எலிவேஷன் எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று பதில் வந்தது.

மார்கழி 29, செவ்வாய்

காலையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக இரண்டு பேர். சந்துச் சுவர் நன்றாக வெள்ளையாக இருக்கிறதாம், தலைவர் படத்தோடு பொங்கல் வாழ்த்து எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். தேர்தல் வருகிற வருஷம். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக 1959-லேயே சட்டம் வந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். மனைவி குறுக்கிட்டாள். "தாராளமா எழுதிக்கிங்க தம்பி. சுண்ணாம்புச் சுவரு, பெயிண்ட் நிக்காது. தலைவர் மூஞ்சி பாளம் பாளமா உரிஞ்சா எங்களைக் கேக்கக்கூடாது." அவர்கள் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். விரலில் வெள்ளை ஒட்டியது. எதிர் வீட்டு டிஸ்டெம்பர் சுவரைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்கள்.