ஏற்றத்தில் மட்டும் தெரிகிற குறை

நிற்கும்போது தெரியாத பழுதுகள் சில உண்டு. பட்டறை வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை நாலு முறை மிதித்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். "நல்லாத்தானே மேடம் ஓடுது" என்பார்கள். சுமை கூடும்போதுதான் குறை வெளியே வரும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போதாமல் போவது அப்படிப்பட்ட பழுது.

எங்கள் வீட்டில் இருப்பது 1984ஆம் வருடத்துப் பத்மினி. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். 1089 சிசி, நான்கு சிலிண்டர், சோலெக்ஸ் கார்புரேட்டர், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர். இந்தக் காருக்குச் சித்தூர் ராணியின் பெயரை வைத்தார்கள். கொக்கோகர் பெண்களை நான்காக வகுத்ததில் முதல் வகையும் பத்மினிதான். நடை, குரல், மணம் என்று அவளுக்குச் சொல்லப்பட்ட இலக்கணங்களில் ஒன்று, அவள் கொஞ்சமாகச் சாப்பிடுவாள் என்பது. குறைவாக உண்பதை அழகென்று எழுதி வைத்தவர்களுக்கு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் எந்த மேடு ஏறினாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். போன கோடையில் ஆறாவது வளைவு தாண்டியதும் வண்டியின் இழுவை குறைந்தது. குலுங்கியது, திணறியது, அடங்கியது. பத்து நிமிஷம் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இரண்டு வளைவு போனதும் மறுபடி அதே கதை. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது.

பட்டறைக்கு மூன்று முறை கொண்டுபோனேன். முதலில் பிளக் மாற்றினார்கள், அடுத்து கண்டென்சர். ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஏற்றத்தில் மட்டும்தான் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். மூன்றாம் முறை பதில் வந்தது: "வீட்ல சார் யாராச்சும் ஓட்டிப் பாத்தாங்களா? ஏத்தத்துல கியர் போடுற பக்குவம் வேணும் மேடம்."

பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவள் சொன்னதுதான் சரியான குறிப்பு. "வண்டிக்கு மூச்சு வாங்குதுடி. நின்னா தெளியுது, ஏறினா திணறுது."

அம்மாவுக்கு அது சொந்த அனுபவம். 47 வயதில் மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவள், அப்படியே குடும்பம் நடத்தியவள். போன இடத்திலெல்லாம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒன்றுமில்லை. வாயு என்று ஒரு மாத்திரை, டென்ஷன் என்று ஒரு மாத்திரை, வயசு என்று ஒரு ஆறுதல். இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி "எப்போ வாங்குது?" என்பது. இரண்டாவது, மாதவிடாய் எத்தனை நாள் என்பது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6.8 இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் கடுமையானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருப்பையில் கட்டி. வரவு குறைவு, செலவு அதிகம். இதை அவள் உடம்பு ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

வண்டியிடமும் அந்த "எப்போ"விலிருந்துதான் தொடங்கினேன். இக்னிஷன் கோளாறு என்றால் பெரும்பாலும் சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும். பெட்ரோல் போதாத வண்டி திணறித் திணறி நிற்கும். திணறும் நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன், சிறிது தெளிந்தது. சோக் காற்றைக் குறைக்கிறது, கலவையில் பெட்ரோலின் பங்கு கூடுகிறது. அதில் தெளிந்தால் குறை பெட்ரோல் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த கேள்வி, தடை கார்புரேட்டருக்குள்ளா, அதற்கு முன்னாலா? கார்புரேட்டரில் மிதவை உள்ள சிறு கிண்ணம் உண்டு. பெட்ரோல் அங்கே தேங்கிப் பிறகுதான் ஜெட் வழியாகப் போகும். வண்டி நின்ற இடத்திலேயே, எஞ்சின் சூடு தணிந்ததும் மூடியைத் திறந்தேன். கிண்ணம் நிறைந்திருந்தால் ஜெட்டைச் சந்தேகிக்கலாம். வற்றியிருந்தது. அதுவரை நடந்த கழுவலெல்லாம் வறண்ட கிணற்றுக்கு வாளி தேய்த்த கதைதான்.

வீட்டில் வந்து, ஆறிய எஞ்சினில் மீதியைப் பார்த்தோம். தீப்பொறி வராதபடி காயில் ஒயரைப் பிடுங்கினேன். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டேன். நியூட்ரலில் வைத்து, அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்சியடிக்க வேண்டும். நாலு தடவை பீச்சியது, பிறகு வெறும் சொட்டு. பம்பின் உள்வாயில் வேறு ஹோஸ் மாட்டி, அதைத் தனியாக ஒரு பாட்டில் பெட்ரோலில் அமிழ்த்தினோம். நிற்காமல் பீச்சியது. பம்ப் நலம். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. பழைய குழாயை மாட்டி, மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தோம். மாற்றமில்லை. மிஞ்சியது டேங்கிலிருந்து பம்ப் வரைக்குமான வழி. அதில் முதலில் கைக்கு எட்டியது ஒரு முழம்கூட இல்லாத ரப்பர் ஹோஸ்.

வெளியே கறுப்பாக, முழுசாக இருந்தது. நறுக்கினால் உள்தோல் ஊதி உரிந்து கிடந்தது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை இப்படிச் செய்யும். பம்ப் பலமாக உறிஞ்சும்போது அந்தத் தோல் உள்ளே இழுபட்டு வழியை மூடும். நின்றால் தளர்ந்து விலகும். ஊருக்குள் ஓட கொஞ்சம் பெட்ரோல் போதும், அது கசிந்து வந்துவிடும். ஏற்றத்தில் செலவு பல மடங்கு. கிண்ணம் நிரம்புவதைவிட வேகமாகக் காலியாகும். எத்தனாலைத் தாங்கும் புது ஹோஸ் மாட்டியபின் 20 வளைவும் ஒரே மூச்சில் ஏறினோம்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்கு மேல். என் வகுப்பில் அறுபது மாணவிகள். காலைச் சாப்பாடு இல்லாமல் பேருந்துக்கு ஓடி வந்து, மூன்றாம் மாடி வகுப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறவர்கள் அவர்களில் உண்டு. "ஒண்ணுமில்ல மேம்" என்கிறார்கள். யாரோ சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது ஒரு தாளும் பேனாவும். எப்போது வருகிறது, எவ்வளவு தூரம் போனதும் வருகிறது, எதைச் செய்தால் தெளிகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்ப வருகிறது. நாலு வரி போதும். அதை மருத்துவரிடமும் கொடுக்கலாம், மெக்கானிக்கிடமும் கொடுக்கலாம். நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்பவரிடம், கூட ஏறி வந்து பாருங்கள் என்று சொல்லுங்கள்.