கோயில் காத்ததா, பள்ளி காத்ததா?

காம்பார், மார்ச் 4

தனிநாயகம் அடிகளாரின் 'ஒன்றே உலகம்' நூலைப் பயண நூல்களின் வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இலங்கையில் ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்து, ரோமில் இறையியலும் அண்ணாமலையில் தமிழும் படித்து, 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்குத் தலைமையேற்க வந்தவர் அவர். நாடு நாடாகப் போனவர்கள் பலர் உண்டு. போன இடமெல்லாம் ஒரே கேள்வியைச் சுமந்து போனவர்கள் குறைவு. வத்திக்கான் நூலகத்தில் 1679-ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைக் கண்டெடுத்ததும், மார்த்தினிக் தீவுக்குத் தமிழர் குடிபெயர்ந்ததை ஆராய்ந்ததும் அந்த ஒரு கேள்வியின் கிளைகள் என்பது என் கணிப்பு: கடல் கடந்த தமிழ் என்ன ஆயிற்று? ஒரே நாட்டிலிருந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. இங்கே பேராக் மாநிலத்தில் தமிழ் ஏன் பிழைத்தது என்பதை அறிய, அது பிழைக்காத இடங்களைப் பார்த்தாக வேண்டும்.

மார்ச் 7

"கோயில் இருந்தது, அதனால் தமிழ் இருந்தது" என்பது இங்கே மேடைதோறும் கேட்கிற பேச்சு. ரெயூனியன் தீவில் கோயில்கள் இருக்கின்றன, தீமிதி நடக்கிறது, காவடி எடுக்கிறார்கள். வீட்டில் பேசுவது கிரியோல். மார்த்தினிக்குக்கு முதல் கப்பல் 1853-இல் போனது. முப்பது ஆண்டு அளவில் ஆள் வரவு நின்றுபோயிற்று. மாரியம்மன் வழிபாடு தங்கியது, தமிழ்ப் பேச்சு தங்கவில்லை. மொழிப்பற்று காக்கும் என்றால் மொரீசியசைப் பாருங்கள். 1998-இல் புதிய பணத்தாள்களில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியபோது எழுந்த எதிர்ப்பில், அந்தத் தாள்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவ்வளவு பற்று! ஆனாலும் அங்கே பெரும்பாலான தமிழ் வீடுகளின் பேச்சு கிரியோல்தான்.

மலாயாவில் நிலைமை இரண்டு வகையில் வேறுபட்டது. முதலாவது, ஆள் வரவு. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்த பிறகும் கங்காணிகள் 1938 வரை ஆள் கொண்டுவந்தார்கள். நாகப்பட்டினம்–பினாங்கு கப்பல் போய் வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது, பள்ளி. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். இரண்டில் எது கனமானது? இதற்குச் சான்று பேராக்கிலேயே இருக்கிறது. பாகான் டத்தோ வட்டாரத் தெலுங்கர்களும் அதே காலத்தில் வந்து அதே தோட்ட வாழ்வை வாழ்ந்தவர்கள், கோயில்களும் கட்டினார்கள். தெலுங்குப் பள்ளிகள் மறைந்தன. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போனார்கள். இன்று அவர்களில் பலருக்குத் தமிழ் சரளம், தெலுங்கு தடுமாற்றம். இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு நடத்த முடியாது.

மார்ச் 8

பள்ளிதான் தமிழைக் காத்தது என்பதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கடுமையானது, அந்தத் தோட்டப் பள்ளி தயவால் வந்ததல்ல என்பது. உண்மை. பெற்றோர் தோட்டத்தை விட்டுப் போகாமலிருக்கவும், பிள்ளை நாளை பால்மரம் வெட்டவும் போதுமான அளவே அங்கே படிப்பு இருந்தது. கொட்டகையில் ஓர் ஆசிரியர், சில இடங்களில் தோட்டக் கணக்கரான கிராணியே ஆசிரியர். அந்தப் பள்ளி மொழியைக் காத்தது, பிள்ளையைத் தோட்டத்திலேயே பூட்டியும் வைத்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது. ஆனால் ஏற்படுத்தியவரின் நோக்கம் வேறு, விளைந்த பயன் வேறு.

பற்று இல்லாமல் பள்ளி நிலைக்குமா என்பது இன்னொரு கேள்வி. நிலைக்காது. சிங்கப்பூர் இதழாசிரியர் கோ. சாரங்கபாணி பல்கலைக்கழகத் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது பால்மரம் வெட்டியவர்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அடிகளார் பின்னாளில் தலைமையேற்ற துறையில் தமிழுக்கு இடம் உறுதியானதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. அங்கே பற்று நாற்காலியாகவும் நூலகமாகவும் மாறியது. பணத்தாளில் எழுத்தாக மட்டும் நின்ற பற்றுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்கிறேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பாடமாகவும் இருக்கிறது. இருந்தும் வீட்டில் பேசுவோர் விகிதம் குறைகிறது. ஒரு பாடமாகத் தமிழைப் படிப்பதும் எல்லாப் பாடத்தையும் தமிழில் படிப்பதும் ஒன்றல்ல.

ஆனால் நம் பள்ளிகள் நின்ற தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்று பெருமைப்படுகிறோம்; அவற்றில் பல, பிள்ளைகள் இல்லாத இடத்தில் நிற்கின்றன, பிள்ளைகள் இருக்கும் புறநகரிலோ பள்ளி இல்லை. கோயில் திருப்பணிக்குக் குழு அமைக்கத் தெரிந்த நமக்கு, பள்ளியை இடம் மாற்றவும் பேருந்து ஏற்பாடு செய்யவும் குழு அமைக்கத் தெரியாதா? காம்பார், கோப்பெங், தாப்பா, பீடோர் பக்கத்து வாசகர்கள், அடுத்த திருவிழாக் கணக்கு முடிந்து கையில் மிஞ்சும் பணத்தைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பேருந்துக்குக் கொடுங்கள்.