இயல்பு மழையின் கணக்கு எங்கே தொடங்கியது?

'இயல்பைவிட 62 சதவீதம் குறைவு.' 2016 வடகிழக்குப் பருவமழை முடிந்தபோது தமிழகத்துக்குச் சொல்லப்பட்ட கணக்கு இது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. ஊர்ப்பக்கம் மழையை யாரும் சதவீதத்தில் சொல்வதில்லை. 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்பார்கள். கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்ததா என்பதுதான் அங்கே அளவு. அப்படியானால் இந்த 'இயல்பு' யார் வகுத்தது, எப்போதிலிருந்து எண்ணி வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கையில் எடுத்தது பஞ்சாங்கம். இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு, மலைக்கு, நிலத்துக்கு இத்தனை இத்தனை பங்கு என்று அதில் இருக்கும். ஆனால் அது வரப்போகும் மழைக்கான பலன். பெய்த மழையின் கணக்கு அல்ல. பெய்ததை அளக்கும் வழி அர்த்தசாஸ்திரத்தில் கிடைத்தது. களஞ்சியத்தின் முன் ஒரு முழ வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொல்கிறது அந்நூல். அவந்திக்கு 23 துரோணம், அஸ்மகத்துக்கு 13½ என்று நாட்டுக்கு நாடு அளவும் தருகிறது. என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு செய்தி: மழைக்காலத்தின் முதல் மாதத்திலும் கடைசி மாதத்திலும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கும், நடு மாதங்களில் மீதியும் பெய்தால்தான் நல்ல ஆண்டாம். மொத்த அளவு மட்டும் போதாது, பெய்யும் காலமும் சேர்ந்ததே மழை என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

ஆனால் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வரும் பதிவைத் தேடினால், வந்து நிற்கும் இடம் நுங்கம்பாக்கம். 1792-இல் அங்கே அமைந்த மதராஸ் வானாய்வகம் விண்மீன்களைப் பார்க்கக் கட்டப்பட்டது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளும் பொறித்தபடி, இன்றைய வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. வானத்தைப் பார்த்தவர்களே வானிலையையும் எழுதி வைத்தார்கள். சென்னையின் மழைக் கணக்கு 1813-இலிருந்தே நமக்குக் கிடைக்கிறது.

அந்தக் கணக்கின் அருமை பஞ்சத்தில்தான் தெரிந்தது. 1876-இல் மழை பொய்த்தது. தொடர்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மறு ஆண்டே பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஹண்டர் சென்னையின் அறுபதாண்டுப் பதிவைச் சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சியோடு ஒப்பிட்டு, தென்னிந்திய வறட்சியின் சுழற்சியைக் கண்டுபிடித்ததாக எழுதினார். அது நிலைக்கவில்லை. ஒரே ஊரின் மழையை வைத்து ஒரு தேசத்தின் வறட்சியைச் சொல்ல முடியாது. பல ஊர்களில் ஒரே மாதிரிக் கருவியில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு அந்த வேலையில் இறங்கி, 1880-களில் இந்திய மழையின் பெருந்தொகுப்பை வெளியிட்டார். நாம் இன்று 'இயல்பு' என்று சொல்வதற்கு வழி அங்கேதான் பிறந்தது.

சரி, அந்தச் சதவீதம் வறட்சியைச் சொல்லிவிடுமா? முழுதாகச் சொல்லாது. நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை சராசரியைவிட்டுச் சுமார் 10 சதவீதம்தான் ஏறி இறங்கும். நம் வடகிழக்கு மழையின் ஊசலாட்டம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே 25 சதவீதக் குறைவு ஓரிடத்தில் பேரிடர், இன்னோரிடத்தில் அடிக்கடி நடப்பது. 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஆய்வாளர் மெக்கீயும் இரு சகாக்களும் இதற்கு விடை தந்தார்கள். ஓர் ஊரின் மழையை அந்த ஊரின் சொந்த வரலாற்றோடு மட்டும் ஒப்பிட்டு, இது எவ்வளவு அரிய பற்றாக்குறை என்று சொல்லும் குறியீடு அது. இயல்பு என்றால் பூஜ்யம். மைனஸ் 2-க்குக் கீழே போனால் மிகக் கடும் வறட்சி. இதற்குக் குறைந்தது 30 ஆண்டுப் பதிவு வேண்டும்.

அந்தப் பதிவு எப்படி உருவாகிறது என்பதையும் போய்ப் பார்த்தேன். காலை 8.30 மணி. மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளிருக்கும் புட்டியை எடுத்து, நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைந்த நீர்ப்பரப்பின் அடிமட்டத்தைப் படிக்கிறார் ஊழியர். மழையில்லாத நாளிலும் அவர் வர வேண்டும். திறந்து பார்த்து 0.0 என்று எழுத வேண்டும். வறட்சியின் வரலாறு முழுக்க அந்தப் பூஜ்யங்களால் ஆனது. வராமல் விட்ட நாளின் வெற்றுக் கட்டத்தைப் பின்னால் வருகிறவர் பூஜ்யமாகக் கொண்டால், பெய்த மழையும் பெய்யாததாகிவிடும். கருவியை விடப் பெரியது அந்த ஊழியரின் நேர்மை என்பது என் முடிவு.

மழைமானிக்கும் அருகிலுள்ள மரத்துக்கும் சுவருக்கும் இடையே, அவற்றின் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் இருக்க வேண்டும். உங்கள் தாலுகா அலுவலகத்துக்குப் போகும்போது அங்கே மழைமானி இருந்தால் ஒருமுறை பாருங்கள். அது வேம்பின் நிழலில் நின்றால் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.