மூடி வைத்த சோறு

பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஊர்ப் பிள்ளைகளின் குறைகளெல்லாம் தெரியும். தன் வீட்டு அடுக்களையில் நடப்பதுதான் கடைசியாகத் தெரியவரும். நானும் அதற்கு விலக்கல்ல.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தாயார் இரவுதோறும் தம்பிக்காக ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். அவன் திருச்சியில் வேலை முடிந்து, சிநேகிதர்களுடன் குடித்துவிட்டுக் காவேரிப் பாலத்தைத் தாண்டி வந்து சேர வெகு நேரமாகும். "பசியில்லை அம்மா" என்பான். காலையில் அந்தச் சோறு பசுவுக்குப் போகும். ஆளோ பார்வைக்குத் தொந்தியும் தொப்பையுமாக இருந்தான். ஆகவே, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தபோது, எங்கள் ஸ்ரீரங்கத்து டாக்டர் ராஜன் அதில் சுகாதார மந்திரி. குடிப்பவன் பெண்டாட்டி பிள்ளைகளின் சோற்றைப் பறிக்கிறான் என்பது அக்காலத்துப் பிரசாரம். வகுப்பில் நானும் அப்படியே பாடம் சொல்லி வந்தேன். தம்பி வீட்டுச் செலவுக்குக் குறைவின்றிப் பணம் கொடுத்து வந்தபடியால், அந்தப் பாடம் எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்று நினைத்தேன். மது குடிப்பவனுடைய சோற்றையும் பறிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து இருவரும் திரும்பிக் கொண்டிருந்தோம். தற்செயலாக அவன் காலைப் பார்த்தேன். ஒரு செருப்பைக் காணோம். அது எங்கே கழன்று விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை! பாதங்கள் மரத்துப் போயிருந்தன.

வைத்தியர், "எவ்வளவு குடிக்கிறீர்?" என்று கேட்டதோடு, "இரவில் என்ன சாப்பிடுகிறீர்?" என்றும் கேட்டார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி வீதம் 420 கலோரி. அதாவது 300 கிராம் சோற்றுக்குச் சற்று அதிகம். ஆனால் அதில் புரதமும் இல்லை, ஜீவசத்தும் இல்லை. பசி அடங்குகிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது. உண்ட உணவிலுள்ள தயாமின் என்னும் பி1 ஜீவசத்தையும் போலிக் அமிலத்தையும் குடல் சரிவர ஏற்காதபடி மது தடுக்கிறது. மக்னீசியமும் துத்தநாகமும் சிறுநீரில் வீணாகின்றன. பி1 குறைந்தால் நரம்பு கெடும். முற்றினால் நடை தள்ளாடும், நினைவும் தடுமாறும்.

"பருப்பும் நெய்யுமாய்ப் போட்டால் சரியாகிவிடாதா?" என்று தாயார் கேட்டாள்.

"ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினால் என்ன, அம்மா? முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்" என்றார் வைத்தியர். ஆனால், நாள்பட்ட குடியைத் தானாகத் திடீரென்று நிறுத்துவதும் அபாயம் என்று எச்சரித்து, தம் மேற்பார்வையிலேயே நிறுத்தச் செய்தார். பி1 ஊசியும் போட்டார்.

மாதங்கள் சென்றன. இப்போது தட்டை மூட வேண்டிய அவசியமில்லை. நேற்றுத் தம்பி வாசலில் உட்கார்ந்து, "அண்ணா, இந்தப் புதுச் செருப்புக் கடிக்கிறது" என்று குறைப்பட்டுக் கொண்டான். சமீப காலத்தில் அதைவிட இனிய வார்த்தை என் காதில் விழுந்ததில்லை.