வெற்றி யார் பக்கம்?

சண்டை நடப்பது ஒரு நாள். சண்டையைப் பற்றிய பேச்சு நடப்பதோ ஒரு மாதம். மேடையில் இருவர் மோதிக்கொள்ளும் முன்பே, ஒட்டுக்கடை மேசையில் அவர்கள் பன்முறை மோதி, பன்முறை வீழ்ந்து, பன்முறை எழுந்துவிடுகின்றனர். கோலசிலாங்கூர் வட்டாரத்திலும், அதற்குக் கிழக்கே ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்து கிடந்த தோட்டங்களிலும் இந்தப் பேச்சுக்குத் தனிச் சுவை இருந்தது. தோட்டத்து வாழ்வில் நாளை என்ன நடக்கும் என்று தொழிலாளி சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுந்ததில்லை. எந்த நிரையில் வெட்டுவது, எத்தனை மரம் வெட்டுவது, மழை பெய்தால் அன்றையக் கூலி என்னாவது என்பனவெல்லாம் விடியற்காலைப் பிரட்டுக்களத்திலேயே பிறரால் முடிவு செய்யப்பட்டுவிடும். சண்டைக்காரனின் நாளையைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் கங்காணியின் அனுமதி வேண்டியதில்லை.

இதனைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பார்ப்பவர் உண்டு. பந்தயம் இருந்தது உண்மையே; ஒரு கோப்பை தேநீரில் தொடங்கி வாரக்கூலி வரைக்கும் போய், வீட்டில் அடுப்பெரியாமற் செய்த பந்தயமும் இருந்தது. ஆயினும் நான்கு இலக்க எண்ணைத் தேடுபவனுக்கும் சண்டையைக் கணிப்பவனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. எண்ணைத் தேடுபவன் கனவைக் கேட்பான். விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வான். ஏன் அந்த எண் என்று கேட்டால் அவனிடம் விடையில்லை. சண்டையைக் கணிப்பவனோ காரணம் சொல்லியாக வேண்டும். கையின் நீளம், வயது, மூச்சு, போன சண்டையில் பட்ட அடி, எதிராளியின் இடக்கைப் பழக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர், செய்தித்தாள் வாசிக்கும் இளைஞனை இந்த வழக்காடலில் வாயடைக்கச் செய்ய முடிந்தது. அவ்வாறு காரணங்காட்டிப் பேசிப் பழகுவதற்கு அங்கே வேறு களங்கள் மிகுதியாக இருக்கவில்லை.

ஐம்பதுகளில் அந்தப் பேச்சின் நாயகர் தாராசிங். பஞ்சாபிலிருந்து 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் வந்து, அங்கே மற்போர் பயின்று பெயர் பெற்றவர் அவர். ஹங்கேரியைச் சேர்ந்த கிங் காங் என்னும் பேருருவத்தோடு அவர் மோதிய கதைகள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு மலாயாவின் தோட்டங்கள் தோறும் பரவின. 'மலையை மனிதன் தூக்க முடியுமா?' என்பது ஒரு கட்சி. 'வளைக்கத் தெரிந்தவனுக்கு மலையும் மூங்கில்' என்பது எதிர்க்கட்சி. தொழில்முறை மற்போரில் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும் என்பதை இன்று யாவரும் அறிவர். அப்படியானால் அன்று லயத்து வாசலில் விடிய விடிய நடந்த வாதங்கள் யாவும் வீணா? அவ்வாறு தோன்றவில்லை. எழுதி முடிக்கப்பட்ட நாடகத்திற்கு முடிவு சொன்னார்கள் என்பது வேடிக்கைதான்; ஆனால் கேட்பவரை ஏற்கச் செய்யும்படி காரணங்காட்டிய திறம் நாடகமன்று.

உண்மையான சண்டை கோலாலம்பூருக்கே வந்தது 1975ஆம் ஆண்டில். ஜூலை முதல் நாள் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலியும் ஜோ பக்னரும் உலகக் கனவெடைப் பட்டத்திற்காக மோதினர். அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில், கின்ஷாசா நகரில், எவரும் வெல்ல முடியாதவர் எனக் கருதப்பட்ட ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டிருந்தார் அலி. கணிப்பு என்னும் கலையையே மேடையேற்றியவரும் அவர்தாம். இளமையில் எதிராளி எத்தனையாவது சுற்றில் வீழ்வான் என்று முன்னரே அறிவிப்பது அவர் வழக்கம். 1962இல் ஆர்ச்சி மூர் நான்காம் சுற்றில் வீழ்வார் என்றார், வீழ்ந்தார். 1963இல் ஹென்றி கூப்பருக்கு ஐந்தாம் சுற்று என்றார், அதுவும் பலித்தது. ஆனால் அதே 1963இல் டக் ஜோன்ஸ் மட்டும் அவர் குறித்த சுற்றைத் தாண்டிப் பத்துச் சுற்றும் நின்றார் என்பதை அலியின் அன்பர்கள் சொல்ல விரும்புவதில்லை!

பக்னரோடு அலி மோதுவது அது முதன்முறையன்று. 1973இல் லாஸ் வேகாஸில் பன்னிரண்டு சுற்றும் நின்று புள்ளியில்தான் தோற்றிருந்தார் பக்னர். கூர்ந்து கணிப்பவன் அந்த ஒரு செய்தியை விடமாட்டான். ஆயினும் அலியைப் பற்றிய ஆசை அந்தச் செய்தியை விழுங்கிவிட்டது. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967இல் பட்டத்தை இழந்தவர், கறுப்பினத்தவர் என்பதாலேயே அவமதிக்கப்பட்டவர், திரும்பி வந்து வென்றவர்; அத்தகைய ஒருவரைத் தோட்டத்துத் தொழிலாளி தன் உறவினரைப் போலவே கருதியதில் வியப்பில்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே மனிதனுக்காக ஆரவாரித்த அரிய நாள்களுள் அதுவும் ஒன்று. ஆகவே, 'யார் வெல்வார்' என்ற கேள்வியே எழவில்லை. 'எந்தச் சுற்றில்' என்பது மட்டுமே கேள்வியாயிற்று.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரவு நேரத்திற்கு ஏற்றவாறு, கோலாலம்பூரில் அச்சண்டை காலை வெயிலில் நடந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. பால்வெட்டுவோர்க்கு அது மரத்தடியில் நிற்கும் வேளை. பதினைந்து சுற்றும் முடிந்தது, எவரும் வீழவில்லை, நடுவர்கள் மூவரும் அலியே வென்றார் என்றனர். வெற்றியாளரைச் சரியாகச் சொன்ன கூட்டம் முழுவதும் வெற்றியின் வகையில் பிழைபட்டது. நான்காம் சுற்று, ஏழாம் சுற்று என்று பணம் கட்டியவன், தன் நாயகன் வென்ற மகிழ்ச்சியோடு தன் வெள்ளியையும் இழந்தான். பக்னர் அடிக்க முன்வராமல் தற்காத்தே நின்றார் என்று பிற்பாடு பலர் குறைகூறினர். 1973ஐ நினைவில் வைத்திருந்தவனுக்கு அதில் வியப்பேது?

அடுத்த ஆண்டு, 1976 ஜூனில், அதே அலி டோக்கியோவில் ஜப்பானிய மற்போர் வீரர் அந்தோனியோ இனோக்கியோடு மோதினார். குத்துச்சண்டைக்காரனும் மல்லனும் மோதினால் யார் வெல்வார் என்ற பழைய ஒட்டுக்கடை வழக்கிற்கு இதோ தீர்ப்பு என்று உலகமே காத்திருந்தது. இனோக்கி தரையில் மல்லாந்து படுத்து, பதினைந்து சுற்றும் அலியின் கால்களையே உதைத்துக்கொண்டிருந்தார். முடிவு சமநிலை. இருபக்கத்தாரும் நூறு காரணம் சொன்னார்கள். இப்படி ஒரு முடிவைச் சொன்னவர் அரியர். இன்று கலப்புத் தற்காப்புக் கலை என்று வழங்கும் போட்டிமுறைக்கு முன்னோடியாக அதனைக் கூறுவர்.

தமிழுக்கு இத்தகைய பேச்சு புதிதன்று. சண்டை இரசிகர்களின் கணிப்பைப் பதிவு செய்த மிகப் பழைய தமிழ்ச் சான்று புறநானூற்றிலேயே இருக்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன், தந்தை தித்தனோடு மாறுபட்டு நீங்கியிருந்த காலத்தில், ஆமூர் மல்லனோடு பொருதான். சாத்தந்தையார் அச்சண்டையின் பிடிகளையே வருணித்திருக்கிறார். ஆமூரைக் கள்ளுக்குப் பேர்போன ஊராகவே அவர் குறிக்கிறார் என்பதைத் தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்தவர் முறுவலோடு படிப்பர். ஆனால் இங்கே கருதத்தக்கது நக்கண்ணையாரின் 85ஆம் பாட்டு. கிள்ளிமேல் காதல் கொண்ட அப்பெண், ஊராரின் பேச்சைக் கேட்கிறாள். வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு சாரார் கூற்று. இல்லை என்கிறது மற்றொரு சாரார் கூற்று. பிளவுக்கு அவள் காட்டும் காரணம் நுட்பமானது. அது அவனுடைய ஊரன்று, அவனுடைய நாடுமன்று.

கையின் வலிமையோ காலின் விரைவோ அங்கே பேசப்படவில்லை. ஊர் யாருடையது என்பதே பேச்சு. அவளோ இருசாராரோடும் வாதிடாமல், சிலம்பொலிக்க ஓடி, தன் வீட்டுப் பனைமரத்தருகே நின்று, அவன் வெல்வதைத் தன் கண்ணாலேயே காண்கிறாள். இரு கூற்றையுமே அவள் நல்லவை என்கிறாள். அதில் எள்ளல் உண்டா என்று உரை காண்போர் ஆராயலாம்; எனினும், தன் காதலன் தோற்பான் என்றவரையும் அவள் பகைவர் என்று சொல்லவில்லை என்பது தெளிவு.

1993இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில், மெலிந்த உடலினரான பிரேசில் நாட்டு ரோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரைப் பணியவைத்தபோது, உடலளவைக் கொண்டு கணித்தோர் யாவரும் தம் அளவுகோலை மாற்ற வேண்டியதாயிற்று. தென்கிழக்காசியாவில் ஒன் சாம்பியன்ஷிப் 2011இல் சிங்கப்பூரில் தொடங்கி, மறு ஆண்டே கோலாலம்பூர் நெகாரா அரங்கிற்கு வந்தது. பால்மரங்கள் செம்பனைக்கு இடங்கொடுத்து, பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயாவாகப் பெயர் மாறி, லயத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளுக்கும் புறநகர் வீடுகளுக்கும் சிதறிவிட்ட காலம் அது. பேச்சு மட்டும் இடம்மாறி வந்து சேர்ந்துகொண்டது. இப்பொழுது ஓர் இரவில் பத்துச் சண்டை. ஒவ்வொன்றிற்கும் யார், எந்தச் சுற்றில், வீழ்த்தியா பணியவைத்தா நடுவர் தீர்ப்பாலா என்று மூன்று விடை. முதல்நாள் எடை பார்க்கும் காட்சியையும் கணிப்போர் விடுவதில்லை. கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண் சோர்ந்திருக்கிறதா என்று நோக்குகின்றனர். உடலின் நீரை வற்றவைத்து எடை குறைத்த முயற்சியில் யாங் ஜியான் பிங் என்னும் சீன இளைஞர் 2015 டிசம்பரில் மணிலாவில் உயிரிழந்தார். அதன்பின் அவ்வமைப்பு எடைமுறையையே மாற்றியது. கணிப்போர் 'சோர்வு' என்று எளிதாகச் சொல்லிவிடும் அச்சொல்லுக்குள் ஓர் உயிர் இருக்கிறது.

அந்த மேடைக்குச் செந்தூலிலிருந்து ஒரு தமிழ் இளைஞர் ஏறினார். அவர் பெயர் அகிலன் தாணி. 2017 மே 26ஆம் நாள் சிங்கப்பூரில் உலகப் பட்டத்திற்காகப் பென் அஸ்க்ரனை அவர் எதிர்கொண்டபோது அவருக்கு வயது 21. அதுவரை தோல்வி காணாதவர். எதிராளியும் தோல்வி காணாதவரே. ஆனால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மற்போர் புரிந்தவர். தாராசிங் காலத்திலும் அலி காலத்திலும் தோட்டத்துத் தமிழர் பிறருடைய வீரருக்காக வாதிட்டனர். இப்பொழுதோ 'நம்ம பையன்' என்ற சொல் வந்துவிட்டது. அச்சொல் வந்ததும் வாதத்தின் தன்மையே மாறிப்போவதைக் காணலாம்.

"அகிலன் ஜெயிப்பாரா, மாமா?" என்று கேட்கும் பையனுக்கு, "அதிலென்ன ஐயம்?" என்ற விடை முன்னரே அணியமாக இருக்கிறது. அஸ்க்ரன் காலைப் பற்றித் தரைக்குக் கொண்டுபோய்விட்டால் எழமுடியாது. அவரைப்போன்ற மல்லனை அகிலன் இதுவரை சந்தித்ததில்லை என்று ஒருவன் காரணங்காட்டினால், அந்தக் காரணத்தை எவரும் எடைபோடுவதில்லை. 'நீ எந்தப் பக்கம்?' என்றே கேட்கின்றனர். முகம்மது அலியைப் பற்றிப் பேசியபோதுகூட இத்தனைக் கடுமை இருந்திருக்காது. கணித்துச் சொல்வதும் வாழ்த்திச் சொல்வதும் வேறுவேறு செயல்கள். வாழ்த்துபவன் தன் நெஞ்சைச் சொல்கிறான். கணிப்பவன் தன் கண்ணைச் சொல்கிறான். சிறுபான்மையாக வாழும் மக்களிடையே இவ்விரண்டும் ஒன்றாகவே கருதப்படுவதற்குக் காரணம் புரியாததன்று. மேடையேறுவோர் சிலராக இருக்கையில் ஒவ்வொருவர் தோளிலும் ஊர் முழுவதும் ஏறிக்கொள்கிறது. ஆனால் அந்தச் சுமை அந்த இளைஞருக்கு நன்மை செய்ததா என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதற்சுற்று முடிவதற்குள்ளேயே அஸ்க்ரன் அவரைத் தரையில் வளைத்து, கழுத்தும் தோளும் சேர்ந்து நெரியும் பிடியில் பணியவைத்தார். தோல்வியைக் கணித்தவன் அன்றிரவு மகிழ்ந்திருப்பான் என்று நினைப்பது தவறு. தன் கணிப்புப் பலிக்கக்கூடாதே என்று உள்ளூர வேண்டிக்கொண்டே சொன்னவன் அவன். பலித்தபின், 'நீ வாய் வைத்ததால்தான்' என்ற பழியும் அவனுக்கே சேர்ந்தது.

ஈராண்டு கழிந்து 2019 ஜூன் 15ஆம் நாள் ஷாங்காயில் யோஷிஹிரோ அக்கியாமாவைச் சந்தித்தார் அகிலன். ஜப்பானிலும் கொரியாவிலும் பெரும்புகழ் பெற்றிருந்த மூத்த வீரர் அவர், வயது 43. இம்முறை வாழ்த்தியவர்களே தயங்கினர். முந்திய தோல்வி அவர்கள் நாவைக் கட்டியிருந்தது. அக்கியாமாவின் பெயர் அவர்கள் கண்ணை மறைத்திருந்தது. ஊர் அவருடையதன்று, நாடும் அவருடையதன்று. ஆனால் அன்று 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கப்பட்டவனைப் போன்றவர்கள் இம்முறையும் பெயரை ஒதுக்கிவிட்டு வயதையும் மூச்சையும் கணக்கிட்டனர். மூன்று சுற்றும் நீடித்தால் இளையவர் வெல்வார் என்றனர். மூன்று சுற்றும் நீடித்தது. நடுவர் மூவரும் அகிலனுக்கே வெற்றி என்றனர். மறுநாள் பெஸ்தாரி ஜெயாவில் தேநீர் அருந்தியவர்களிடையே, மூன்றாம் சுற்று யாருடையது என்பதில் அப்போதும் கருத்து ஒத்துவந்திருக்காது.